வாசலில் நின்றவர்கள் கட்டிய வீடு

பதினோராந் தர மாணவர்களுக்கு அமெரிக்கச் சுதந்திரப் போரைப் பற்றிப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்த ஒரு நாளிலே, அப்போரின் தலைவர்களான ஜோர்ஜ் வாஷிங்ரனும் பெஞ்சமின் பிராங்கிளினும் ‘மேசன்’ சங்கத்தைச் சேர்ந்தவர்கள் என்று ஒரு வார்த்தையை நாம் இடையிலே சொல்லிவைத்தோம். கடைசி வாங்கிலிருந்த மாணவனொருவன் எழுந்து, “சேர், அப்ப அவை வீடு கட்டிற வேலையும் செய்தவையோ?” என்று கேட்டான். வகுப்பு முழுதும் சிரித்தது, நாமும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தபோதுதான், அவன் கேட்டது சிரிக்கத்தக்க கேள்வியன்று என்பது விளங்கிற்று. நமது ஊரிலே மேசன் என்றால் சுவரெழுப்பும் தொழிலாளியே. அந்தப் பெயரைச் சீமான்களும் படைத்தலைவர்களும் ஏன் விரும்பிச் சூடிக்கொண்டார்கள்? அப்பெயரின்கீழ் ஒருவரையொருவர் ‘சகோதரர்’ என்று அழைத்தவர்கள், அவ்வழைப்பை யார்வரைக்கும் நீட்டினார்கள்?

இக்கேள்விகளுக்கு விடை தேடுவோர்க்கு, வட அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே தோன்றிய ஒரு சிறிய லொட்ஜின் சரித்திரத்தைக் காட்டிலும் நல்ல பாடம் வேறில்லை என்பது எமது எண்ணம். இவ்வாரம் அதனையே வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

கற்றச்சர் கொட்டில்

மத்திய காலத்திலே ஐரோப்பாவின் பேராலயங்களைக் கட்டிய கற்றச்சர்கள், வேலைத்தலத்தின் அருகே ஒரு கொட்டில் போட்டுக்கொள்வர். ஆயுதங்களை வைப்பதும், வெயிலுக்கும் பனிக்கும் ஒதுங்குவதும், தொழில் பழகுபவனுக்கு நுட்பங்களைச் சொல்லிக் கொடுப்பதும் அங்கேதான். அக்கொட்டிலுக்கு ‘லொட்ஜ்’ என்று பெயர். காலப்போக்கிலே கல்லுளியைக் கையால் தொட்டறியாத கனவான்களும் பிரித்தானியாவின் லொட்ஜுகளிற் சேரத் தொடங்கினர். 1717ஆம் ஆண்டிலே லண்டன் மாநகரின் நான்கு லொட்ஜுகள் ஒன்றுகூடி ஒரு தலைமை லொட்ஜை அமைத்தன என்று அச்சங்கத்தின் மரபு கூறும். 1723இல் யேம்ஸ் அண்டர்சன் என்னும் பாதிரியார் தொகுத்த விதிநூல் அச்சாகியது.

இவர்கள் கல்லிலே கட்டவில்லை. மனிதனின் குணத்தைக் கட்டுவதே தமது தொழில் என்றனர். மூலைமட்டம் நேர்மைக்கும், கவராயம் ஆசைக்கு எல்லை வகுப்பதற்கும், மட்டப்பலகை சமத்துவத்துக்கும் குறிகளாயின. இடையிலே ஆட்டுக்குட்டித் தோலாலான முன்கச்சை ஒன்றை அணிவர். இறைவனை ‘பேரண்டத்தின் பெருஞ்சிற்பி’ என்று குறிப்பர். ஒருவரையொருவர் அறிந்துகொள்ள இரகசியச் சைகைகளும் உண்டு. அந்த இரகசியத்தின் காரணமாகவே, வட இந்திய மக்கள் இவர்களது மண்டபத்தை ‘ஜாதூகர்’, அதாவது மந்திர வீடு, என்று அழைக்கலாயினர். மந்திரம் இருந்ததோ இல்லையோ, அக்காலத்துச் சமுதாயத்திலே ஓர் அதிசயம் அங்கே இருந்தது. பிரபுவும் வியாபாரியும் லொட்ஜின் உள்ளே ஒரே மட்டத்தில் அமர்ந்து, சகோதரர் என்று அழைத்துக்கொண்டனர்.

ஆயினும் அந்த வாசலுக்கு ஒரு காவல் இருந்தது. சேர விரும்புவோன் சுதந்திரனாய்ப் பிறந்தவனாக இருத்தல் வேண்டும், அடிமைக்கு இடமில்லை, பெண்களுக்கும் இடமில்லை. 1723ஆம் ஆண்டின் விதிநூல் இவ்வாறு சொல்லிற்று. இந்த விதியை மனத்தில் வைத்துக்கொண்டு பொஸ்ரன் நகருக்குச் செல்வோம்.

தோற்பட்டறைக்காரர்

பொஸ்ரனிலே 1733ஆம் ஆண்டு முதலே லொட்ஜ் இருந்தது. வணிகர்களும் கப்பல் தலைவர்களும் வைத்தியர்களும் அங்கே கூடினர். அதே நகரத்திலே தோல் பதனிடும் தொழிலாளர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் பிறின்ஸ் ஹோல். அவர் பிறந்த இடத்தையும் ஆண்டையும் பற்றிப் பல கதைகள் உண்டு; ஆதாரம் உடையது ஒன்றுமில்லை. வில்லியம் ஹோல் என்னும் தோல் வியாபாரியின் வீட்டிலே அடிமையாக இருந்தார் என்பதும், 1770ஆம் ஆண்டிலே அவ்வீட்டார் அவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தனர் என்பதும் தெளிவு. தொழிலை விடாது தோற்பட்டறை நடத்தி வந்தார். 1777இல் பொஸ்ரன் பீரங்கிப் படைக்கு முரசுத் தோல்கள் செய்து கொடுத்ததற்கு அவர் அனுப்பிய கணக்குச் சீட்டு இன்றும் சரித்திர ஆசிரியர்களாற் காட்டப்படுகின்றது.

அந்தக் காலத்துப் பொஸ்ரனிற் கறுப்பின மக்களின் தொகை ஆயிரத்தை எட்டவில்லை. பலர் அடிமைகள். விடுதலை பெற்றவர்களுக்கும் வாக்குரிமையில்லை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமில்லை, வீதியிலே மரியாதையில்லை. நோயுற்றால் பார்க்கவும், இறந்தால் அடக்கஞ் செய்யவும், விதவையான பெண்ணுக்கு உதவவும் ஒரு சங்கம் வேண்டுமென்று பிறின்ஸ் ஹோலும் நண்பர்களும் எண்ணினர். அத்தகைய சங்கம் நகரிலே இருக்கத்தான் செய்தது. ஆனால் நகரத்து லொட்ஜுகளில் அவர்கள் போன்றோர்க்கு இடமிருக்கவில்லை.

வாசல் வேறொரு பக்கத்தில் திறந்தது. அவ்வேளை பொஸ்ரனை அடக்கிவைக்க வந்திருந்த பிரித்தானிய சேனையின் முப்பத்தெட்டாம் படைப்பிரிவோடு ஒரு லொட்ஜ் பயணஞ் செய்து வந்தது. அது அயர்லாந்தின் தலைமை லொட்ஜிடம் உரிமை பெற்ற 441ஆம் இலக்க லொட்ஜ். யோன் பாற் என்னும் சார்ஜன்ற் அதிலே பணியாற்றினார். 1775 மார்ச் 6ஆந் திகதி பிறின்ஸ் ஹோலும் அவருடன் பதினான்கு கறுப்பினத்தவரும் அவ்விடத்தில் மேசன்களாகச் சேர்க்கப்பட்டனர் என்று அவர்களின் மரபு கூறும். ஆறு வாரங்களிலே லெக்சிங்ரனில் துப்பாக்கி வெடித்தது, போர் தொடங்கிற்று. சுதந்திரம் கேட்டுப் போராடிய ஊரவர் சேர்த்துக்கொள்ளாத மனிதரை, அச்சுதந்திரத்தை மறுக்க வந்த படையின் போர்வீரர்கள் சகோதரர் என்று ஏற்றுக்கொண்டார்கள் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். சரித்திரம் நல்லவர் ஒரு பக்கம், தீயவர் மறு பக்கம் என்று வரிசை பிரித்து நிற்பதில்லை.

இங்கே நமது தமிழ்நிலத்துச் செய்தி ஒன்றையும் சொல்லிவிட்டு மேலே செல்வோம். அதே 1770களிலேதான் ஆர்க்காட்டு நவாபு முகமது அலியின் மூத்த மகன் உம்தத்துல் உமரா திருச்சிராப்பள்ளியிலே மேசனாகச் சேர்ந்தார். லண்டன் தலைமை லொட்ஜ் மகிழ்ச்சி மீதூர, அவருக்கு அலங்கார வேலைப்பாடு கொண்ட முன்கச்சையும் வாழ்த்து மடலும் அனுப்பிவைத்தது. அவரும் பாரசீக மொழியிலே மறுமொழி எழுதினார். திருச்சிராப்பள்ளி இளவரசருக்கு வெள்ளைத் தோல் கடல் கடந்து தேடி வந்தது. தோலையே தொழிலாகக் கொண்ட பொஸ்ரன் மனிதரோ அதே லண்டனிலிருந்து ஒரு கடிதாசிக்காகப் பல ஆண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. நிறம் மட்டுமன்று, நிலையும் வாசலைத் திறக்கும் திறவுகோலாய் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

லண்டனிலிருந்து வந்த சாசனம்

1776 மார்ச்சிலே பிரித்தானிய சேனை பொஸ்ரனை விட்டுக் கப்பலேறியது. போகுமுன் பிறின்ஸ் ஹோலின் குழுவினர்க்குக் கிடைத்தது ஓர் அனுமதி மாத்திரமே. கூடலாம், புனித யோவான் திருநாளில் ஊர்வலம் போகலாம், தம் இறந்தோரை மேசன் முறைப்படி அடக்கஞ் செய்யலாம்; புதியவர்களைச் சேர்க்கும் அதிகாரம் இல்லை. அவ்வளவில் ‘ஆபிரிக்க லொட்ஜ்’ என்று பெயர் வைத்துக்கொண்டு நடத்தினர்.

போர் முடிந்ததும், 1784 மார்ச்சிலே பிறின்ஸ் ஹோல் லண்டனிலுள்ள ஒரு சகோதரருக்குக் கடிதம் எழுதி முழு உரிமைச் சாசனம் வேண்டினார். லண்டன் தலைமை லொட்ஜ் 1784 செப்ரெம்பர் 29ஆந் திகதியிட்டுச் சாசனம் வழங்கிற்று. ஆபிரிக்க லொட்ஜின் இலக்கம் 459. சாசனம் எழுதப்பட்டதே தவிர, பொஸ்ரன் வந்து சேரவில்லை. ஸ்கொட் என்னும் கப்பல் தலைவரின் கைவழியாக அது வந்தடைந்தது 1787 ஏப்பிரல் 29ஆந் திகதியில். இரண்டரை ஆண்டுக்கு மேற்பட்ட காத்திருப்பு! அந்தத் தோற்சாசனம் 1869ஆம் ஆண்டுத் தீவிபத்தொன்றிலே எரிந்துபோகாமல் மீட்கப்பட்டு, இன்றளவும் அச்சமூகத்தாரால் பேணப்பட்டு வருகின்றது.

ஒரு கடிதாசிக்கு இத்துணை மதிப்பு ஏன் என்று சிலர் கேட்கலாம். நேற்றுவரை தம்மையே விலைச்சீட்டிலே கண்டவர்களுக்கு, தம்மைச் சகோதரர் என்று கூறும் சீட்டின் அருமை தெரியும்.

மனு எழுதிய மனிதர்கள்

சடங்கோடு நின்றிருந்தால் இந்த லொட்ஜை நாம் நினைத்திருக்கமாட்டோம். அதன் உறுப்பினர்கள் செய்த பெருந்தொண்டு மனு எழுதியது. 1777 சனவரியிலே பிறின்ஸ் ஹோலும் வேறு எழுவரும் மசாசுசெற்ஸ் சட்டசபைக்கு மனுச் செய்தனர். பிரித்தானியாவுக்கு எதிராக நீங்கள் எடுத்துரைக்கும் நியாயம் ஒவ்வொன்றும் எங்களுக்காகவும் ஆயிரம் மடங்கு வாதாடவில்லையா என்பது அதன் சாரம். சபை அதற்குச் செவிசாய்க்கவில்லை. 1780இன் அரசியற்றிட்டமும், அதனை வைத்து அடிமைகள் சிலர் தொடுத்த வழக்குகளின் தீர்ப்புகளும் அடிமைமுறையைத் தளர்த்தின. 1790இன் குடிசன மதிப்பிலே மசாசுசெற்ஸில் ஓர் அடிமையேனும் பதிவாகவில்லை.

விடுதலை வந்தது, ஆனால் சமத்துவம் வரவில்லை. 1787 சனவரியில் எழுபதுக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டு, ஆபிரிக்காவுக்கே திரும்பிச் செல்ல உதவுமாறு கேட்டனர். பிறந்து வளர்ந்த ஊரை விட்டுப் போக மனிதன் எப்போது விரும்புகின்றான் என்பது நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டியதன்று. அம்மனுவும் பலிக்கவில்லை. அதே ஆண்டு ஒக்ரோபரிலே இன்னொரு மனு. ஏனையோரைப் போல நாங்களும் வரி செலுத்துகிறோம். எங்கள் பிள்ளைகளுக்கு மாத்திரம் இலவசப் பள்ளிக்கூடத்தின் பயன் கிட்டவில்லை. அறியாமையிலே அவர்கள் வளர்வதைப் பார்த்துக்கொண்டிருக்க எங்களால் இயலாது என்று அது முறையிட்டது. அதற்கும் பதிலில்லை.

1788 பெப்ரவரியிலே நடந்த சம்பவத்தைச் சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும். பொஸ்ரன் துறைமுகத்திலே நின்ற கப்பலொன்றில் வேலை இருப்பதாகக் கூறிச் சுதந்திரரான கறுப்பினத்தவர் மூவரை ஒருவன் ஏற்றினான். அவர்கள் கீழ்த்தட்டிலே வேலை செய்துகொண்டிருந்தபோதே கப்பல் பாய் விரித்தது. மேற்கிந்தியத் தீவொன்றில் அவர்களை அடிமைகளாக விற்பது அவன் எண்ணம். வீட்டிலே பெண்களும் பிள்ளைகளும் கதறினர். பிறின்ஸ் ஹோலும் லொட்ஜின் உறுப்பினர் இருபதுக்கு மேற்பட்டோரும் பெப்ரவரி 27ஆந் திகதி சட்டசபைக்கு மனு எழுதினர். நகரத்துப் பாதிரிமாரும் குவேக்கர் சமயத்தாரும் குரல் சேர்த்தனர். ஆளுநர் யோன் ஹன்கொக்கும் பிரெஞ்சுக் கொன்சலும் தீவுகளின் அதிபர்களுக்குக் கடிதம் விடுத்தனர்.

மூவருள் ஒருவர் மேசன். அவர்களை விலைக்குக் காட்டியபோது, வாங்க வந்த வியாபாரியும் மேசனாக இருந்தார். சைகை சகோதரனைக் காட்டிக் கொடுத்தது. வியாபாரி வாங்க மறுத்ததோடு, செய்தியை அதிகாரிகளுக்கு அறிவித்தார் என்று அக்காலத்துப் பொஸ்ரன் பாதிரியார் யெரமி பெல்நப் எழுதிய கடிதத்தால் அறிகின்றோம். சூலை மாதத்திலே மூவரும் ஊர் திரும்பினர். அதற்கு முன்பே, மார்ச் மாதத்தில், மசாசுசெற்ஸ் குடிகள் அடிமை வியாபாரத்தில் ஈடுபடுவதைத் தடுக்கவும், கடத்தப்பட்டோரின் குடும்பத்தார்க்குப் பரிகாரம் அளிக்கவும் சட்டம் நிறைவேறிற்று. நான்கு மனுக்களில் ஒன்று பலித்தது.

ஆயினும் அதே நாட்களிலே அதே சபை, வெளியூரிலிருந்து வந்து தங்கும் கறுப்பினத்தவரை வெளியேற்றுவதற்கும் ஒரு விதி செய்தது என்பதையும் மறைத்தல் தகாது. ஒரு கையாற் கொடுத்ததை மறு கையாற் பறிக்கும் வழக்கம் சட்டசபைகளுக்குப் புதியதன்று.

வீட்டுக்குள்ளே ஒரு பள்ளிக்கூடம்

நகரம் பள்ளிக்கூடம் தராதபோது அச்சமூகம் தானே அதனைத் தேடிக்கொண்டது. 1798ஆம் ஆண்டிலே பிறைமஸ் ஹோல் என்னும் கறுப்பினத்தவரின் இல்லத்திலே பிள்ளைகளுக்கு வகுப்புத் தொடங்கிற்று. 1806இல் கட்டி முடிந்த ஆபிரிக்க வழிபாட்டு மண்டபத்துக்கு அது பின்னர் மாறியது. பிலடெல்பியாவிலும் றோட் ஐலண்டிலும் புதிய லொட்ஜுகள் 1797இலே தோன்றின. பிலடெல்பியா லொட்ஜின் தலைவர் அப்சலம் யோன்ஸ், அடிமையாய்ப் பிறந்து சமயகுருவானவர்.

அதே 1797ஆம் ஆண்டிலே பிறின்ஸ் ஹோல் லொட்ஜுக்கு ஆற்றிய உரை அச்சாகியுள்ளது. பொஸ்ரன் வீதிகளிலே தம்மவர் நாள்தோறும் படும் அவமானத்தை அவர் மறைக்கவில்லை. முதியோரும் பெண்களும் தாக்கப்படுவதைச் சொல்லினார். ஆனால் மேற்கிந்தியத் தீவுகளிலே அடிமைகள் எழுச்சி பெற்றுவிட்டதைச் சுட்டி, இருள் என்றும் நிலைப்பதில்லை என்று தேற்றினார். எழுத்தறிவு அற்றோரும் கண்டதைச் சிந்தித்து அறிவு பெறலாம் என்று ஊக்கினார். 1807 டிசம்பரிலே அவர் காலமானார். பொஸ்ரன் நகரின் கொப்ஸ் குன்று மயானத்திலே அவர் கல்லறையை இன்றும் காணலாம்.

அவருக்குப் பின்னும் மண்டபத்தின் விளக்கு அணையவில்லை. லண்டனோடு கடிதத் தொடர்பு அறுந்தது. 1813இலே அங்கே இரு தலைமை லொட்ஜுகள் இணைந்தபோது ஆபிரிக்க லொட்ஜின் பெயரும் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. 1827இல் யோன் ஹில்ற்றன் என்பவரின் தலைமையிலே, இனி நாங்கள் எவருக்கும் கீழ்ப்பட்டவரல்லர் என்று பொஸ்ரன் லொட்ஜ் பகிரங்கமாக அறிவித்துவிட்டது. அடிமைமுறையைக் கண்டித்து 1829இல் வெளிவந்து தென்மாநிலங்களை நடுங்கவைத்த நூலை எழுதிய டேவிட் வோக்கர் இந்த லொட்ஜின் உறுப்பினரே.

பள்ளிக்கூடக் கதையும் தொடர்ந்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்கெனத் தனிப் பள்ளிக்கூடமொன்று 1835இல் எழுந்தது. ஆனால் தனிப் பள்ளி என்பது தாழ்ந்த பள்ளியாகவே நடந்தது. சாரா றொபேற்ஸ் என்னும் ஐந்து வயதுச் சிறுமி, வெள்ளையர் பள்ளிகள் ஐந்தைக் கடந்து தன் பள்ளிக்கு நடக்க வேண்டியிருந்தது. அவளுடைய தந்தை வழக்குத் தொடுத்தார். சாள்ஸ் சம்னரும், கறுப்பின வழக்கறிஞரான றொபேட் மொறிசும் வாதாடினர். 1850இலே வழக்குத் தோற்றது. பெற்றோர் சோரவில்லை; 1855இல் மசாசுசெற்ஸ் சட்டமே இப்பிரிவினையை ஒழித்தது. 1787இல் பிறின்ஸ் ஹோல் எழுதிய மனுவுக்கு அறுபத்தெட்டு ஆண்டு கழித்து வந்த மறுமொழி அது என்று நாம் கொள்ளலாம்.

கதை அங்கேயும் முடியவில்லை. தோற்ற அந்த வழக்கின் தீர்ப்பை 1896இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் எடுத்துக்காட்டி, தனியாக ஆயினும் சமமாக என்ற கொள்கையை நாடு முழுவதற்கும் விதித்தது. அதனை 1954 மே 17ஆந் திகதி தகர்த்த வழக்கிலே வாதாடிய தேர்குட் மாஷல், பிறின்ஸ் ஹோல் வழிவந்த மேசன் சங்கத்தின் உறுப்பினர்.

‘மேசன்களுக்குள்ளே சாதி’

இத்தனை ஆண்டும் வெள்ளையரின் லொட்ஜுகள் என் செய்தன? பிறின்ஸ் ஹோலின் வழிவந்தோரை முறையான மேசன்கள் என்று ஏற்க மறுத்தன. சாசனத்தில் குற்றம், பதிவில் குற்றம், முறையில் குற்றம் என்று காரணங்களை அடுக்கின. காரணம் நிறமே என்பதை எல்லோரும் அறிவர்.

1865 டிசம்பரிலே, பிறின்ஸ் ஹோல் தலைமை லொட்ஜின் தலைவராக இருந்த லூயிஸ் ஹேடன் ஓர் உரை நிகழ்த்தினார். இவர் கென்ரக்கியிலே அடிமையாக இருந்து 1844இலே மனைவியோடும் மகனோடும் தப்பி வந்தவர். தப்பி வரும் பிறர்க்குப் பொஸ்ரனில் தம் வீட்டையே புகலிடமாக்கியவர். அவ்வுரை மறு ஆண்டில் நூலாக வந்தது. அதன் பெயரைத் தமிழிலே சொன்னால் ‘மேசன்களுக்குள்ளே சாதி’ என்றாகும். அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்த அந்த மாதத்திலே, அதன் வேர் வேறெங்கோ ஒளிந்திருக்கின்றது என்பதைக் கண்டு அவர் தேடியெடுத்த சொல், நம் நாடுகளின் பிரிவினையைக் குறிக்க மேனாட்டார் தம் மொழியிலிருந்து வழங்கிய சொல்.

1947இல் மசாசுசெற்ஸ் வெள்ளையர் தலைமை லொட்ஜ், பிறின்ஸ் ஹோல் மேசன்கள் முறையானவர்களே என்று ஒப்புக்கொண்டது. ஏனைய மாநிலங்கள் சில எதிர்க்கவே, 1949இல் அவ்வொப்புதலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 1989இல் கொனெற்றிக்கற் மாநிலத்திலே முதற்கதவு திறந்தது. 1994இலே லண்டன் தலைமை லொட்ஜ், மசாசுசெற்ஸின் பிறின்ஸ் ஹோல் தலைமை லொட்ஜை அங்கீகரித்தது. 1784இலே தான் சாசனம் கொடுத்தவர்களின் வழித்தோன்றல்களைத் தன் சகோதரர் என்று மறுபடி சொல்லுவதற்கு, லண்டனுக்கு இருநூற்றுப்பத்து ஆண்டுகள் பிடித்தன.

பிறின்ஸ் ஹோலின் லொட்ஜும் குறையற்றதன்று. பெண்களுக்கு அங்கும் இடமில்லை. தன் வாசலைத் தட்டியவனே தன் வீட்டிலும் ஒரு வாசலைச் சாத்தி வைத்திருந்தான். மனிதர் கட்டும் வீடுகளிலே இவ்வாறான ஒரு மூலை எப்போதும் மட்டம் பிழைத்தே நிற்கின்றது.

நமது விறாந்தை

ஹேடனின் நூற்பெயர் நெஞ்சிலே பட்டபோது, நமக்கு நினைவு வந்தவர் நமது ஊர் மேசனார் ஒருவர். எமது சிறுபராயத்திலே வீட்டுக்கு முன்விறாந்தை கட்ட அவர் வந்திருந்தார். மூலைமட்டத்தைச் சுவரிலே வைத்து, “பிள்ளை, முதல் மூலை பிழைச்சால் முழு வீடும் பிழை” என்று எமக்குச் சொல்லித் தந்தவர் அவரே. கேத்திரகணிதத்தின் முதற்பாடத்தை நாம் கற்றது அவரிடந்தான். அவருக்குத் தேநீர் கொடுப்பதற்கென ஒரு பேணி கிணற்றடியிலே தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு அம்மம்மா, “அது அப்பிடித்தான்” என்றார். அம்மம்மா கொடியவரல்லர், எவர்க்கும் பசி தீர்க்கும் கை அவருடையது. விறாந்தை முடிந்த நாளிலே பொங்கிப் படைத்தோம். மேசனார் முற்றத்திலே நின்று தம் பங்கை வாங்கிக்கொண்டு சென்றார். தாம் கட்டிய விறாந்தையிலே அவர் ஒரு நாளேனும் இருந்ததை நாம் காணவில்லை. நாமும் வந்திருக்கச் சொல்லவில்லை; பின்னாளிலே கல்லூரியிற் படித்துப் பட்டம் பெற்று ஊர் வந்த பின்னரும் சொல்லவில்லை. அவர் இறந்த செய்தியைக் கேட்டபோதுதான் அது உறைத்தது.

சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் இந்நாட்டிலே 1957இல் நிறைவேறியது. நாம் பிறப்பதற்கு முன்பே அந்தச் சட்டம் இருந்தது. அந்தப் பேணியும் இருந்தது. சட்டம் வாசலைத் திறக்கலாம். உள்ளே வாருங்கள் என்று கையைப் பிடித்து அழைக்கும் வேலையைச் சட்டம் செய்யாது. அது வீட்டில் இருப்பவரின் வேலை.

அந்த மாணவனுக்கு மறுநாள் வகுப்பிலே மறுமொழி சொன்னோம். வாஷிங்ரன் வீடு கட்டும் மேசன் அல்லர், தம்பி. ஆனால் வீடு கட்டும் மேசனிடமிருந்து அவர்கள் கருவிகளை இரவல் பெற்றார்கள். மூலைமட்டத்தைப் பெற்றார்கள், மட்டப்பலகையைப் பெற்றார்கள். மட்டம் என்பது எல்லாருக்கும் ஒன்று என்ற பாடத்தை மாத்திரம் முழுதாகப் பெறவில்லை. அந்தப் பாடத்தைப் படித்தவர், வாசலிலே நிறுத்தப்பட்ட தோற்பட்டறைக்காரர் ஒருவர் என்றோம்.

அவன் சற்று யோசித்து, “சேர், அப்ப அவர்தான் உண்மையான மேசன்” என்றான். இம்முறை வகுப்பிலே ஒருவரும் சிரிக்கவில்லை.